நேற்றைய பிழை

காலை ஏழரை மணிக்கு மைக்கைத் திறந்து வணக்கம் சொன்னதும், அவர் சொல்லும் அடுத்த வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: "முதலில் நேற்றைய பிழை." நேற்று கணபதிப் பக்கம் ஒன்பது மணிக்கு மின்தடை என்று சொன்னேன், பத்து மணிக்குத்தான் நிறுத்தினார்கள், எட்டரைக்கே அவசர அவசரமாக மாவாட்டியவர்கள் மன்னிக்கவும் என்பார். நேற்று கொப்பரை விலையை முந்தாநாள் தாளைப் பார்த்து வாசித்துவிட்டேன், சரியான விலை இது என்பார். பிழை இல்லாத நாளிலும் அந்த இடத்தை விடமாட்டார். "நேற்றுப் பிழை ஏதும் என் கவனத்துக்கு வரவில்லை. உங்கள் கவனத்துக்கு வந்திருந்தால் சொல்லுங்கள்" என்று தன் சொந்தக் கைபேசி எண்ணை நிதானமாக இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் அன்றைய தகவலுக்குப் போவார். பதினேழு வருடம் இப்படியே நடந்தது.

எங்களுடையது கோயம்புத்தூரில் ஒரு தனியார் பண்பலை. தனியார் பண்பலையில் செய்தி வாசிக்க அனுமதி கிடையாது. அதனால் அதற்கு ஊர்த் தகவல் என்று பெயர் வைத்திருந்தோம். மின்தடை, குழாயில் தண்ணீர் வரும் நாள், பாதை மாற்றிவிட்ட பஸ்கள், சந்தை விலை, மழை, பரீட்சைத் தேதி. ஊரார் அதைச் செய்தி என்றுதான் சொன்னார்கள். அவரைக் கரண்டு அக்கா என்றார்கள். அவருடைய நிஜப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இனிஷியல் தப்பு என்று ஒரு செய்தி வந்து சேரும் என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

நான் அப்போது மதியத்தில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். நேயர்கள் விரும்பிக் கேட்கும் பாட்டு, பிறந்தநாள் வாழ்த்து, கல்யாண வாழ்த்து. அவரைவிட ஆறு வயது சின்னவள். எனக்கு அவர் அக்கா, அவருக்கு நான் அம்மணி. எங்களுக்குள் பெரிய பிரியம் இருந்தது என்று எழுத ஆசைதான். இருக்கவில்லை.

காலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் வந்துவிடுவார். ஒரு பழைய டைரியில் முப்பது நாற்பது எண்கள் இருக்கும். மின்சார அலுவலக லைன்மேன், பஸ் டெப்போவில் நேரம் குறிக்கிறவர், வாழைத்தார் ஏலம் போடுகிறவர், தண்ணீர்த் தொட்டி வால்வு திறக்கிறவர். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு எழுப்புவார். கையில் தாள் இருந்தாலும், வாட்ஸப்பில் வந்திருந்தாலும், ஆள் வாயால் சொல்லாமல் எதையும் வாசிக்கமாட்டார். "ஏனுங்க, இது நீங்க இன்னைக்கு அனுப்புனதுதானுங்களா, போன மாசத்து சமாச்சாரமா?" என்று அவர் கேட்கும் குரல் வாழ்த்துகளைப் பதிவுசெய்ய நான் விடிகாலையிலேயே வரும் நாட்களில் எதிர் ஸ்டுடியோவரை கேட்கும். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எண்களை மட்டும் முணுமுணுவென்று தெலுங்கில் சரிபார்த்துவிட்டு, தமிழில் எழுதிக்கொள்வார்.

இத்தனை செய்தும் பிழை வரத்தான் செய்தது. அதைக் கண்டுபிடிப்பது ஊருக்கே ஒரு விளையாட்டாகிவிட்டது. லேத் பட்டறை வைத்திருப்பவர், கோழிப்பண்ணைக்காரர், வேலையிலிருந்து ஓய்வுபெற்று வேலையில்லாமல் இருப்பவர் என்று ஆளாளுக்கு அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்னூர்க்காரர் ஒருவர், பண்டிகைக்காகச் சந்தை ஒரு நாள் முன்னால் கூடியதை அக்கா சொல்லாமல் விட்டதைப் பிடித்துவிட்டார். மறுநாள் அவர் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார் அக்கா. மனிதர் அதைப் பதிவுசெய்து மருமகப்பிள்ளைக்கெல்லாம் அனுப்பினாராம்.

வானொலியில் இது அழகாக இருந்தது. பக்கத்து மேஜையில் அவ்வளவு அழகாக இல்லை. அவர் போவதற்கு இரண்டு வருடம் முன், ஒரு கல்யாணத்தில் அவரை மேடைக்குக் கூப்பிட்டு, இருபத்தைந்து வருடமாக நம்மை எழுப்பிவிடும் குரல் என்று ஒருவர் புகழ்ந்தார். மைக்கை வாங்கி, "பதினஞ்சு வருசமுங்க" என்று திருத்திவிட்டுத்தான் மணமக்களை வாழ்த்தினார். ஒருமுறை மாலைக் கூட்டம் ஒன்றுக்கு நான் தாமதமாக வந்து, சிங்காநல்லூரில் பஸ் நின்றுபோய்விட்டது என்று நிலையத் தலைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்திருந்த இவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "அந்த பஸ்ஸுலதானுங்க நானும் வந்தேன், எங்கீமே நிக்கல" என்றார். அன்றைக்கு அவரை நான் மனதார வெறுத்தேன். வெளியே வந்து கேட்டபோது, "நீங்க தூங்கிப்போட்டேன்னு சொல்லியிருந்தா அவரு ஒண்ணும் சொல்லியிருக்கமாட்டாருங்க அம்மணி" என்றார். அதுவும் சரிதான் என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவரை வெளியே அனுப்பியது ஒரு வீட்டுமனை விளம்பரம்.

ஊர்த் தகவலுக்கு ஒரு ஸ்பான்சர் கிடைத்திருந்தார். அன்னூரைத் தாண்டி எங்கேயோ சைட் போட்டு விற்கிறவர். காந்திபுரத்திலிருந்து இருபதே நிமிடம் என்ற வரியை அக்காவே தன் குரலில் வாசிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஊர் நம்புகிற குரல் அல்லவா. அவர் வாசித்தார். ஞாயிற்றுக்கிழமை காந்திபுரத்தில் பஸ் ஏறி, அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு: "முதலில் நேற்றைய பிழை. இது நேற்றையது மட்டும் அல்ல, ஒரு வாரத்துப் பிழை. வீட்டுமனைக்கு இருபது நிமிடம் என்று சொன்னேன். பஸ்ஸில் ஒரு மணி ஐந்து நிமிடம் ஆனது. இறங்கி நடக்க இன்னும் கால் மணி. காரில் போனால் குறையும் என்கிறார்கள். நான் காரில் போகவில்லை." அடுத்து மின்தடைக்குப் போய்விட்டார்.

ஊர் முழுக்கச் சிரித்தது. சைட் விற்கிறவர் சிரிக்கவில்லை. எங்கள் நிலையத் தலைவரும் சிரிக்கவில்லை. இரண்டே வாரத்தில் 'புதிய குரல், புதிய காலை' என்று அறிவிப்புத் தயாரானது. அந்தப் புதிய குரல் நான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யோசிக்க ஒரு நாள் கேட்டேன், அதுவும் மரியாதைக்குத்தான். காலை ஏழரை என்பது வானொலியில் எல்லோரும் ஆசைப்படும் நேரம். பன்னிரண்டு வருடம் மதியத்தில் பாட்டுப் போட்ட எனக்கு அந்த ஆசை இல்லாமல் இருக்குமா?

போகிற நாளில் அவர் அழவில்லை. தன்னிடமிருந்த ஹெட்போனைத் துடைத்து வைத்தார். டைரியை என் மேஜையில் வைத்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டார்.

"குரலு யாரோடதா இருந்தா என்னங்க அம்மணி. அந்தப் பிழை சொல்ற நேரத்த மட்டும் உட்டுப்போடாதீங்க."

விடமாட்டேன் என்றேன். இரண்டு நாள் சொன்னேன். மூன்றாம் நாள் தலைவர் கூப்பிட்டார். நாம் தப்பு செய்தோம் என்று நாமே தினம் தண்டோரா போடுவது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டார். அந்த அரை நிமிடத்தில் ஒரு விளம்பரம் போடலாம் என்றார். நான் தலையாட்டினேன். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட இப்போது எழுத எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

நேயர்களின் கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்து ஜனம் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டும். அதுதான் பொறுக்க முடியாதது. முதல் வாரம் போனைக் கீழே வைக்க முடியவில்லை. எங்கள் கரண்டு அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். ஊருக்குப் போயிருக்கிறாரா, எப்போது வருவார் என்று கேட்டார்கள். வரமாட்டார் என்றதும் குரல் மாறும். ஒரு பெரியவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "ஏனுங்க அம்மணி, நீங்க நல்லாத்தானுங்க படிக்கறீங்க. கொறை ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க. நாளையிலிருந்து மட்டும் படிக்க வேண்டாமுங்க." இன்னொரு அம்மா, என் குரல் வந்ததும் ரேடியோவை அணைத்துவிட்டு ஏழே முக்காலுக்குத் திரும்பப் போடுவதாக மிகுந்த பணிவோடு தெரிவித்தார்.

நான் கழிவறையில் போய் அழுதேன். அழுகை காய்ந்ததும் கோபம் வந்தது. அவர்கள் மேல் அல்ல, அக்கா மேல். பதினேழு வருடம் தப்புத் தப்பாகச் சொல்லி, அதற்கே பேர் வாங்கிக்கொண்டு போய்விட்டாரே என்று ஆற்றாமை. வீட்டில் என் கணவர், ஒரு மாதம் பொறு, ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்றார்.

அவர் சொன்னது ஒரு மாதம்கூட ஆகவில்லை. மூன்றாம் வாரத்தில் கிணத்துக்கடவிலிருந்து ஒரு வேனில் பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். தலைமை தாங்கி வந்தவர் ஒரு தென்னந்தோப்புக்காரர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இரண்டு மூட்டை இளநீர். அக்காவைத் திரும்ப மைக் முன்னால் உட்கார வைக்காமல் இங்கிருந்து நகரமாட்டோம் என்று வரவேற்பறையில் உட்கார்ந்துவிட்டார். நான் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்கே ஒரு நிம்மதி வந்தது. இவர்கள் பிடிவாதமாக இருந்தால் அவர் வந்துவிடுவார், நான் என் பாட்டுக்கு மதியப் பாட்டுகளுக்குத் திரும்பிவிடலாம்.

தலைவர் கெட்டிக்காரர். கோரிக்கையை நின்றுகொண்டே வாங்கினார். எல்லோருக்கும் காபி வந்தது. ஸ்டுடியோவைச் சுற்றிக் காட்டினார். ஒவ்வொருவரையும் மைக் முன் நிறுத்தி ஊர், பெயர் சொல்லி ஒரு வணக்கம் சொல்லச் சொல்லிப் பதிவுசெய்தார். கடைசியில் எங்கள் நிலையத்தின் பெயர் அச்சிட்ட ஆரஞ்சு நிற டி-ஷர்ட் ஆளுக்கொன்று. வெள்ளைச் சட்டைக்கு மேலேயே அதைப் போட்டுக்கொண்டு, என்னையும் நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். மறுநாள் காலை தோப்புக்காரரிடமிருந்து போன். அக்காவைப் பற்றிக் கேட்கத்தான் என்று பயந்துகொண்டே எடுத்தேன். அவருடைய வணக்கம் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். அதற்குப் பிறகு தினமும் என் நிகழ்ச்சியைக் கேட்டார்.

எதிர்ப்பு அத்தோடு முடிந்தது. ஊருக்கு மின்தடை தெரிந்தால் போதும், யார் சொன்னால் என்ன. என்னிடமிருந்து நேற்றைய பிழை ஏன் வரவில்லை என்று அந்தப் பதினோரு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. பிழை பிடித்து மருமகப்பிள்ளைக்கெல்லாம் அனுப்பின அன்னூர்க்காரரும் கேட்கவில்லை.

விடாமல் இருந்தது ஒரே ஒரு நேயர். வேலையை விட்ட மறுநாளிலிருந்து அக்கா எனக்குத் தினமும் ஒரு வாட்ஸப் அனுப்பினார். சரியாக ஏழே முக்காலுக்கு வரும். நலம் விசாரிப்பு, வசவு எதுவும் இருக்காது. 'பிழை: பீளமேட்டில் தண்ணீர் வியாழன், புதன் அல்ல.' 'பிழை: வாழைத்தார் விலை நேற்றையது.' எல்லாம் சரியாக இருந்த நாளில் 'இன்று பிழை ஏதும் இல்லை.' வீட்டில் உட்கார்ந்தபடியே அவர் அத்தனை எண்களையும் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். டைரி என்னிடம் இருந்தது, எண்கள் அவருக்கு மனப்பாடம். ஆரம்பத்தில் பதில் போட்டேன். பிறகு பார்த்தும் பார்க்காததுபோல் விட்டேன். இரண்டு மாதத்தில் அவரை மியூட் செய்துவிட்டேன்.

அந்த டைரியை நான் திறந்ததே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாட்ஸப்பில் வருவது போதுமானதாக இருந்தது.

அப்படி வந்த ஒன்றைத்தான் அந்தச் சனிக்கிழமை காலை வாசித்தேன். மறுநாள் சர்க்கார் வேலைக்கான எழுத்துப் பரீட்சை. ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் மையம். அங்கே போக, காலை ஏழு மணிக்குக் காந்திபுரத்திலிருந்து சிறப்புப் பேருந்து. அது போன வருடத்துத் தகவல். யாரோ பழையதை எடுத்து மறுபடி அனுப்பியிருக்கிறார்கள். இந்த வருடம் பஸ் உக்கடத்திலிருந்து. டெப்போவுக்கு ஒரு போன் போட்டிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

ஏழே முக்காலுக்கு அக்காவின் செய்தி வந்திருக்கிறது. 'பிழை: உக்கடம். காந்திபுரம் அல்ல. உடனே சொல்லுங்கள். பரீட்சைப் பிள்ளைகள்.' அவர் 'உடனே' என்று எழுதியது அதுதான் முதல் தடவை. மியூட்டில் இருந்ததால் மதியம் ஒரு மணிக்குத்தான் பார்த்தேன். அப்போதும் நேரம் இருந்தது. மாலை நிகழ்ச்சியில் ஒரு வரி சொல்லியிருக்கலாம். மாலை நிகழ்ச்சிப் பையனிடம் ஒரு துண்டுத்தாள் கொடுத்திருந்தால் அவனே சொல்லியிருப்பான்.

கொடுக்கவில்லை. ஏன் என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன், பதில் ஒன்றும் பெரியது இல்லை. திருத்தம் சொன்னால் பழையபடி போன் அடிக்கும். பாருங்க, எங்க அக்கா இருந்திருந்தா இப்படி ஆகுமா என்று 'ங்க' போட்டுச் சொல்வார்கள். அதை மறுபடி கேட்க எனக்குத் தெம்பில்லை. பரீட்சை எழுதுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும், வானொலியை நம்பி எவள் போவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒருத்தி போயிருந்தாள். புதன்கிழமை நிலையத்துக்குப் போன் செய்து, என் பெயரைச் சொல்லிக் கேட்டாள்.

"அக்கா, நான் கிணத்துக்கடவுங்க, பேரு கௌசல்யா. எங்க பெரியப்பா உங்களப் பாக்க வேனெல்லாம் புடிச்சு வந்தாருங்களே, டி-ஷர்ட்டு குடுத்தீங்களே, அவரு தம்பி புள்ளைங்க."

அவள் சொன்னதை நான் சுருக்கமாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் பஸ் ஏறி உக்கடத்தில் வந்து இறங்கியிருக்கிறாள். பரீட்சை பஸ் அங்கேதான் நின்றிருக்கிறது. வானொலியில் காந்திபுரம் என்று சொன்னதால், அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் டவுன் பஸ் பிடித்துக் காந்திபுரம் போய்விட்டாள். அங்கே முக்கால் மணி நேரம் காத்திருந்து, விசாரித்து, ஆட்டோ பிடித்து மையத்துக்குப் போனபோது கேட்டைச் சாத்திவிட்டார்கள். இரண்டு வருடம் படித்த படிப்பு. ஆனால் அவள் போன் செய்தது அதற்காக இல்லை. அவள் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்றதை ஊர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டு வந்து வீட்டில் சொல்லியிருக்கிறார். பரீட்சைக்கு உக்கடத்தில் பஸ் இருக்கும்போது, காந்திபுரத்தில் இவளுக்கு என்ன வேலை? யாரைப் பார்க்க நின்றாள்? பெரியப்பா அந்த ஒரு கேள்வியையே நான்கு நாளாகக் கேட்கிறார். காலை நிகழ்ச்சி எப்போதும் கேட்கிறவர், அந்தச் சனிக்கிழமை மட்டும் தேங்காய் வெட்டுக்குத் தோப்புக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"நாளைக்கு ஒருக்கா சொல்லிப்போடுங்கக்கா, காந்திபுரம்னு சொன்னது தப்புன்னு. ஒரே வார்த்தைதானுங்க. பெரியப்பா தெனமும் கேக்கறாருங்க. என்ற வாயால சொன்னா யாரும் நம்பமாட்டேங்கறாங்க."

பார்க்கிறேன் கண்ணு என்றேன். அந்தப் பதிவையாவது அனுப்ப முடியுமா என்று கேட்டாள். ஒலிபரப்பானது எல்லாவற்றையும் சில மாதங்களுக்குச் சேமித்து வைப்பது எங்கள் வேலை. சனிக்கிழமை காலைப் பதிவு, நான் உட்கார்ந்திருந்த கணினியிலேயே இருந்தது. அழிந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

தலைவரிடம் போய்ச் சொன்னது உண்மை. ஒருத்திக்குச் சொன்னால் பரீட்சையைத் தவறவிட்ட அத்தனை பேரும் வாசலில் வந்து நிற்பார்கள் என்றார். அடுத்த வாரம் மறந்துபோகும் என்றார். நான் வற்புறுத்தவில்லை. மைக் என் கையில் இருந்தது, தினமும் கால் மணி நேரம். அவர் அனுமதி இல்லாமல் ஒரு வாக்கியம் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் எதிரில் ஒரு காலி நாற்காலியும் துடைத்து வைத்த ஹெட்போனும் இருந்தன.

ஒரு வாரம் காத்திருந்துவிட்டு அந்தப் பெண் பழைய எண்ணைக் கூப்பிட்டிருக்கிறாள். பிழை தெரிந்தால் சொல்லுங்கள் என்று பதினேழு வருடம் ஊர் முழுக்கக் கேட்ட எண்ணை அந்த வீட்டில் காலண்டரில் எழுதியே வைத்திருந்தார்களாம். அன்று மாலை அக்கா என்னைக் கூப்பிட்டார். ஏன் திருத்தவில்லை என்று கேட்கவில்லை. நாளைக்குக் கிணத்துக்கடவு போகிறேன், கூட வாருங்கள் என்றார்.

"நான் சொன்னா பழைய ஆளு சொன்னதா இருக்குமுங்க அம்மணி. நீங்க வந்து, நான்தான் தப்பா படிச்சேன்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுபோயிரும்."

எனக்கு நிகழ்ச்சி இருக்கிறது என்றேன். என் நிகழ்ச்சி ஏழே முக்காலுக்கு முடிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாதா? சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். வாழ்க்கையில் அவர் திருத்தாமல் விட்ட ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

போய்வந்து என்ன நடந்தது என்று அவரே சொன்னார், மின்தடை வாசிக்கும் அதே குரலில். தோப்புக்காரர் வாசலுக்கே ஓடிவந்தாராம். அக்கம்பக்கத்தில் எல்லோரையும் கூப்பிட்டாராம். உங்களுக்காக வேன் பிடித்துப் போனோமே என்று கண் கலங்கினாராம். இளநீர் வெட்டி, பலகாரம் வைத்து, பழையபடி ஒரு வணக்கம் சொல்லுங்கள் என்று கேட்டு, அதைச் செல்போனில் பதிவுசெய்துகொண்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு இவர் விஷயத்தைச் சொன்னார். சனிக்கிழமை வானொலியில் காந்திபுரம் என்றுதான் வந்தது, நான் என் காதால் கேட்டேன், பெண் மேல் தப்பில்லை என்றார். தோப்புக்காரர் ரொம்ப மரியாதையாகப் பதில் சொன்னாராம்.

"நீங்க சொன்னா செரியாத்தானுங்க இருக்கும். ஆனா தப்பா இருந்தா அவங்க மறுநாளே சொல்லியிருப்பாங்களே. ரேடியோவுல வரலீங்களே."

ஊர் அப்படிப் பழகியிருந்தது. பழக்கியவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

"அவரு அந்த டி-ஷர்ட்டப் போட்டிருந்தாருங்க அம்மணி, நம்ம ஸ்டேஷனுது" என்றார் அக்கா. பிறகு, "புள்ள கதவோரம் நின்னு கேட்டுட்டே இருந்துச்சுங்க. நான் போனதே தப்போ என்னமோ" என்றார். எது தப்பு, எது சரி என்று அவருக்குத் தெரியாமல் போனதை நான் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு முகூர்த்த நாள். ஊர்த் தகவலின் கடைசியில் கல்யாண வாழ்த்துச் சொல்லும் வழக்கத்தைத் தலைவர் புதிதாகச் சேர்த்திருந்தார், பிழை சொன்ன நேரத்தை மிச்சம்பிடித்து. அன்றைக்கு வந்திருந்த சீட்டுகளில் ஒன்று கிணத்துக்கடவிலிருந்து. எங்கள் நிலையத்தின் நீண்டநாள் நேயர், தென்னந்தோப்புக்காரர், தம்பி மகளின் திருமணத்துக்காக ஒரு பாட்டு விரும்பிக் கேட்டிருந்தார். மணமகள் கௌசல்யா என்று எழுதியிருந்தது.

மைக் திறந்திருந்தது. ஒரு வாக்கியம் சொல்ல அப்போதும் இடம் இருந்தது. தாலி ஏற ஒரு மணி நேரமாவது இருந்திருக்கும். மண்டபத்தில் அந்த மனிதர் எல்லோரையும் அடக்கி, ரேடியோவை உரக்க வைத்து, காத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் மணமகள் பெயரையும் மணமகன் பெயரையும் பெற்றோர் பெயர்களையும் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ வேண்டும் என்று வாழ்த்தினேன். பாட்டைப் போட்டேன்.

ஏழே முக்காலுக்கு மேஜையில் கைபேசித் திரை ஒளிர்ந்தது. கிணத்துக்கடவு போய்வந்த பிறகு அக்காவிடமிருந்து ஒரு செய்தியும் வந்திருக்கவில்லை. மியூட்டை நான் எப்போதோ எடுத்துவிட்டிருந்தேன், ஆனாலும் வரவில்லை. அன்று வந்தது. அதுவே கடைசி.

'இன்று பிழை ஏதும் இல்லை.'

மறுநாள் காலை ஏழரைக்கு வணக்கம் சொல்லி, மின்தடையிலிருந்து ஆரம்பித்தேன்.